பின்னுதைப்பு இல்லை என்றால் அது எங்கே போகிறது?

மார்ச் 3, மாலை. கேள்வி, பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி

உக்ரேன் காணொளிகளைப் பார்த்து வந்த சந்தேகம். தோளில் வைத்துச் சுடும் டாங்கி எதிர்ப்புக் குழாய்களைப் 'பின்னுதைப்பு இல்லாதவை' என்கிறார்கள். சாதாரணத் துப்பாக்கிக்கே தோள் கன்றிப்போகிறதாம். இவ்வளவு பெரிய குண்டு போகும்போது உதைப்பு எப்படி மாயமாகும்? உதைப்பே இல்லை என்றால் பத்து வயசுப் பையன்கூடச் சுடலாமே, ராணுவத்தில் எதற்கு இரண்டு பேர்? அப்புறம், இப்படி ஒரு குழாய் கையில் இருந்தால் இனி டாங்கிக்கு என்ன வேலை?

மார்ச் 3, இரவு 10.50

மாயமாகவில்லை. பின்னால் போகிறது.

பினாங்கு சியூ ஜெட்டியில் சம்பான் என்ற சின்னப் படகிலிருந்து பலகைக்குத் தாவியிருந்தால் தெரியும். நாம் முன்னே போக, சம்பான் பின்னே நழுவும். அதே நொடியில் இன்னொருவன் மறுபக்கம் தண்ணீரில் குதித்தால் சம்பான் நின்ற இடத்திலேயே நிற்கும். இந்தக் குழாயின் வேலை இவ்வளவுதான். முன்னால் குண்டு தாவுகிறது, பின்னால் வெடிமருந்தின் புகை குதிக்கிறது, சுடுகிறவன் தோள் சம்பான் மாதிரி சும்மா இருக்கிறது.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். மலேசியத் தரைப்படையில் சில வருஷம் கார்ல் குஸ்தாவ் குழாய்க்கு நம்பர் டூவாக இருந்தேன். ஸ்வீடன் சரக்கு, 84 மில்லிமீட்டர். முதல் வடிவம் 1948-இல் வந்தது. எங்கள் கையில் இருந்தது 1964-இல் வந்த இரண்டாவது வடிவம், 14 கிலோ இரும்பு. சுடுகிறவர் நம்பர் ஒன். குண்டு போடுகிறவன், குண்டு சுமக்கிறவன், திட்டு வாங்குகிறவன் நம்பர் டூ.

கணக்கு வேண்டுமென்றால்: குண்டு 3 கிலோ, வாயை விட்டுப் போகும்போது விநாடிக்கு 240 மீட்டர். பின்பக்கத்தை அடைத்து வைத்திருந்தால், 14 கிலோ குழாய் விநாடிக்கு 51 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 185 கிலோமீட்டரில் தோளில் வந்து இடிக்கும். நம் நெடுஞ்சாலையிலேயே 110-க்கு மேல் போனால் சம்மன்.

மார்ச் 4, காலை 6.15

கணக்கில் தப்பு. சுங்கை பட்டாணியிலிருந்து ஒருவர் பிடித்துவிட்டார், நன்றி. 3 கிலோ என்பது தோட்டாவின் மொத்த எடை. அலுமினியக் கூடும் வெடிமருந்தும் அதில் சேர்த்தி. முன்னே பறப்பது 2 கிலோவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆகவே மணிக்கு 185 இல்லை, 140 சொச்சம். தோளெலும்புக்கு வித்தியாசம் தெரியப் போவதில்லை என்றாலும் கணக்கு கணக்குதான்.

இன்னொரு கேள்வி, ஆர்.பி.ஜி. ஏழு என்ற தோள்குழாயும் இதே ஜாதியா என்று. பாதி. அது 1961-இல் சோவியத் படைக்கு வந்தது. முதலில் ஒரு சின்ன வெடிமருந்து, நம் குழாய் மாதிரியே பின்னால் புகை விட்டுக் குண்டை வெளியே தள்ளும். குண்டு பத்துப் பன்னிரண்டு மீட்டர் போன பிறகுதான் அதன் சொந்த ராக்கெட் பற்றிக்கொள்ளும். இல்லையென்றால் சுடுகிறவன் மூஞ்சி வெந்துவிடும். வெளியேறும்போது விநாடிக்கு 120 மீட்டர்கூட இல்லை, ராக்கெட் பிடித்ததும் 300-ஐ நெருங்கும். அது ராக்கெட்டா பீரங்கியா என்று சண்டை போடுகிறவர்கள் போடட்டும். இரண்டும்தான்.

அதில் ஒரு வேடிக்கை. துப்பாக்கிக்காரன் காற்று வரும் பக்கமாகக் குறியைத் தள்ளி வைப்பான், காற்று தோட்டாவை ஒதுக்கிவிடும் என்று. ஆர்.பி.ஜி. குண்டுக்கு வாலில் சிறகு. பக்கக் காற்று சிறகைத் தள்ள, மூக்கு காற்றை நோக்கித் திரும்பும், எரிகிற ராக்கெட் அந்தத் திசையிலேயே இழுத்துப் போகும். அதனால் குறியைக் காற்று போகும் பக்கமாக வைக்க வேண்டும். கூரையில் காற்றுக் காட்டும் சேவல் காற்று வரும் பக்கம் மூக்கை நீட்டுமே, அதே குணம்.

மார்ச் 4, இரவு 11.30

இரண்டு பேர் எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன்.

நம்பர் ஒன் முழங்கால் போட்டு, கண்ணைக் குறிநோக்கியில் வைத்துவிட்டால் அவருக்குப் பின்னால் உலகமே கிடையாது. அவர் பக்கத்தில் நான். பூட்டை விடுவித்துப் பின்கூம்பைத் திருப்பித் திறக்க வேண்டும். குண்டை உள்ளே விட வேண்டும், ஆனால் எப்படி வேண்டுமானாலும் விட முடியாது. தோட்டாவின் விளிம்பில் ஒரு சின்ன வெட்டு இருக்கும், அதைக் குழாயிலுள்ள முனையோடு பொருத்தினால்தான் கூம்பு மூடும். ஏனென்றால் இந்தத் தோட்டாவின் பற்றவைப்பு அடியில் இல்லை, பக்கவாட்டில் இருக்கிறது. அடித்தட்டு பிளாஸ்டிக். சுட்டதும் அது தூள் தூளாகி, புகை அந்த வழியாகத்தான் பாயும். இருட்டில் பெருவிரல் நகத்தால் அந்த வெட்டைத் தடவிக் கண்டுபிடிப்பேன். மழையில் விரல் மரத்துப் போனால் இரண்டு சுற்று சுற்றித் தேட வேண்டியிருக்கும், நம்பர் ஒன் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்.

மூடியதும் திரும்பிப் பார்க்க வேண்டும். இதுதான் நம்பர் டூவின் முக்கிய வேலை. பின்னால் விசிறி மாதிரி விரியும் இடம், பயிற்சியில் 60 மீட்டருக்கும் மேல், காலியா? ஆள், வண்டி, மண்மேடு, மரம், சுவர்? மேடு பக்கத்தில் இருந்தால் புகை அதில் பட்டு நம் மேலேயே திரும்பும். காலி என்றால் அவர் தலைக்கவசத்தில் ஓங்கித் தட்டுவேன். பிறகு கண்ணை இறுக்கி, வாயைக் கொஞ்சம் திறந்து, உடம்பைக் குழாயோடு ஒட்டிக்கொள்வேன். சத்தம் என்று சொல்வது சரியில்லை. மார்பில் யாரோ கதவைச் சாத்துகிற மாதிரி இருக்கும். தரையிலிருக்கும் மணல் முழங்கால் உயரத்துக்குத் துள்ளும். மூக்கு ஒழுகும், ஏன் என்று தெரியாது, எல்லோருக்கும் ஒழுகும்.

ஒருமுறை பெரிய மனிதர்கள் பார்க்க வந்தார்கள். வெயிலுக்கு அவர்களுக்கு ஒரு கூடாரம் கட்டச் சொன்னார்கள். கட்டிய இடம் விசிறியின் ஓரத்தில் வருகிறது என்று எங்கள் சார்ஜன் சொன்னார். "அதெல்லாம் தூரம்தான்" என்று பதில் வந்தது. நல்ல வேளை, சுடும் நேரத்தில் எல்லோரும் பக்கவாட்டில் நின்று பார்த்தார்கள். கூடாரமும், உள்ளே தட்டில் மூடி வைத்திருந்த மத்தியானச் சாப்பாடும் ஒன்றாகக் கிளம்பின. சம்பலும் ரெண்டாங் கறியும் புல்வெளி முழுக்க. யார் பேரிலும் நடவடிக்கை இல்லை, எங்களுக்கு மட்டும் புல்வெளி கூட்டும் வேலை.

மார்ச் 5, பகல்

'ரெண்டாங்கா, குர்மாவா' என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ரெண்டாங். மாட்டிறைச்சி. விஷயத்துக்கு வாங்கப்பா.

மார்ச் 6, இரவு 9.40

சினிமாவில் அறைக்குள் நின்று ஜன்னல் வழியாகச் சுடுகிறார்களே என்று கேட்டவருக்கு. சாதாரணக் குழாயை அப்படிச் சுட்டால் டாங்கிக்கு என்ன ஆகுமோ தெரியாது, சுட்டவன் ஆஸ்பத்திரிக்குப் போவான். புகை பின்சுவரில் மோதித் திரும்பும், அழுத்தம் காதையும் நுரையீரலையும் பதம் பார்க்கும்.

அறைக்குள்ளிருந்து சுடுவதற்கென்றே தனி வகை உண்டு. வழி பழையது. அமெரிக்கக் கடற்படை அதிகாரி கிளீலண்ட் டேவிஸ் முதல் உலகப் போருக்கு முன்பே ஒரு பீரங்கி செய்தார். முன்னால் குண்டு, பின்னால் அதே எடைக்கு ஈயக் குண்டும் கிரீசும், நடுவில் வெடிமருந்து. இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகும், உதைப்பு சரிக்குச் சரி. புகைக்குப் பதில் கனமான பொருளை மெதுவாகத் தள்ளினால் பின்னால் நெருப்பும் அழுத்தமும் குறையும். ஜெர்மனியின் பான்சர்ஃபவுஸ்ட் மூன்று இரும்புத்தூளைத் தள்ளுகிறது. ஸ்வீடனின் ஏ.டி. நான்கில் ஒரு வகை உப்புத் தண்ணீரைத் தள்ளுகிறது. நம் பக்கத்து வீட்டு சிங்கப்பூர் முதலில் ஆர்ம்பிரஸ்ட் வைத்திருந்தது, அது பிளாஸ்டிக் சீவல்களைத் தள்ளி, புகையைக் குழாய்க்குள்ளேயே அடைத்துவிடும். இப்போது அவர்களிடம் மெட்டடோர், 90 மில்லிமீட்டர், டாங்கிக்கும் சுவருக்கும் சேர்த்துச் செய்தது. அடுக்குமாடி நாட்டுக்காரர்கள் சுவரைப் பற்றி யோசிக்காமல் வேறு யார் யோசிப்பார்கள்?

டேவிஸைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோட்டத்தில் தீபாவளிக்கு மூங்கில் பீரங்கி வைத்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு வெடிக்கும் மூங்கில் பின்னால் துள்ளும், செங்கல் முட்டுக்கொடுக்க வேண்டும். செங்கல் கிடைக்காத ஒரு வருஷம் என் மாமன் மகன் ஒரு யோசனை சொன்னான். கடைசிக் கணுவையும் உடைத்துவிட்டு, முன்னால் தேங்காய் மட்டை, பின்னால் நனைத்த கோணிச் சாக்கு. மூங்கில் அசையவே இல்லை! நாங்கள் ஜெயித்துவிட்டதாகக் குதித்தோம். சாக்கு பாட்டியின் கோழிக் கூண்டைச் சாய்த்திருந்தது, இரண்டு கோழி அன்றோடு முட்டையிடுவதை நிறுத்தியது. பாட்டி விளக்குமாற்றோடு வந்தபோது நான் பின்னால் நின்றிருந்தேன், அவன் முன்னால். அடி எனக்கு. அன்றைக்கே நம்பர் டூ வேலை எனக்கென்று எழுதியாகிவிட்டது போல.

(யாரும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள். விரல் போனவர்களை எனக்குத் தெரியும்.)

மார்ச் 7, காலை

பத்து வயசுப் பையன்: முடியாது. உதைப்பு இல்லைதான். 14 கிலோவைத் தூக்க வேண்டாமா? 1991-இல் வந்த மூன்றாவது வடிவம் மெல்லிய எஃகுக்கு மேல் கார்பன் நார் சுற்றி 10 கிலோவுக்கு இறங்கியது. 2014-இல் வந்த நான்காவது டைட்டேனியம், 7 கிலோவுக்கும் கீழே. இதைப் படித்த நாள் என் முதுகுவலி இரண்டு மடங்காயிற்று.

மார்ச் 9, இரவு 12.20

தூக்கம் வரவில்லை, பழைய கதை ஒன்று. என் தாத்தா ட்ரோலாக் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். 1942 ஜனவரி 7, விடியுமுன் பெரிய சாலையில் இரும்பு இழுபடும் சத்தம் கேட்டு லயத்தில் எல்லோரும் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக் கிடந்தார்களாம். ஜப்பானியர்களின் டாங்கிகள். அதுதான் சிலிம் ரிவர் சண்டை. அன்று காலைக்குள் பிரிட்டிஷ் தரப்பின் இரண்டு இந்தியப் படைப்பிரிவுகள், பன்னிரண்டாவது பிரிகேடும் இருபத்தெட்டாவதும், சிதறிப் போயின. நாலு நாளில், ஜனவரி 11-இல், கோலாலம்பூர் விழுந்தது. பிரிட்டிஷ்காரன் மலாயாவில் ஒரு டாங்கிகூட வைத்திருக்கவில்லை.

அந்தப் பஞ்சாபிப் பையன்கள் தோளில் ஆளுக்கு ஒரு குழாய் இருந்திருந்தால் கதையே வேறு. தாத்தாவும் ஜப்பானியர் ஆள்பிடித்துப் போட்ட சயாம் ரயில் பாதைக்குப் போயிருக்க மாட்டார்.

மார்ச் 10, இரவு

நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் எழுதியதை இன்று படித்தால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. தைப்பிங் வாத்தியார் ஒருவர் மென்மையாகக் கண்டித்திருக்கிறார், அவர் சொல்வது சரி.

முதல் விஷயம், அப்போது அப்படிக் குழாயே கிடையாது. அமெரிக்க பசூக்கா 1942-இல்தான் களத்துக்கு வந்தது, ஜெர்மன் பான்சர்ஃபவுஸ்ட் 1943. காரணம் உண்டு. துப்பாக்கித் தோட்டா இரும்பைத் துளைப்பது வேகத்தால், வேகம் என்றால் உதைப்பு. அன்றைக்குத் தோளில் வைத்துச் சுட இருந்தது பாய்ஸ் என்ற 16 கிலோ துப்பாக்கி, தோளைக் கழற்றும் என்று பெயர் வாங்கியது. குழிவெடி வந்த பிறகுதான் கதை மாறியது. வெடிமருந்தின் முகப்பில் கூம்பாகக் குழி வைத்து அதில் செப்புத் தகடு பதிப்பார்கள். வெடித்ததும் தகடு சுருங்கி ஊசி மாதிரிப் பீய்ச்சி இரும்பைத் துளைக்கும். குண்டு மெதுவாகப் போனாலும் அதே துளைதான். மெதுவாகப் போகும் பெரிய குண்டு என்றால், அதைத் தள்ள ஒரு லேசான, இரண்டு பக்கமும் திறந்த குழாய் போதும். உதைப்பில்லாக் குழாயும் குழிவெடியும் ஜோடிப் பொருத்தம்.

இரண்டாவது, சிலிம் ரிவரில் ஆயுதமே இல்லாமல் தோற்கவில்லை. ஜப்பானியரின் சின்ன டாங்கிக்கு எங்கும் 12 மில்லிமீட்டருக்கு மேல் கவசம் இல்லை, அந்தத் தோள்கழற்றித் துப்பாக்கியே கிட்டத்தில் துளைக்கும். வாரக்கணக்கில் பின்வாங்கித் தூங்காத ஆட்கள், இருட்டு, நேராக ஓடும் சாலை, போதாத கண்ணிவெடி, ஒருவருக்கொருவர் தகவல் இல்லை. கடைசியில் முன்னால் வந்த டாங்கியை நிறுத்தியது டாங்கிக்கென்று செய்யாத ஒரு ஹோவிட்சர் பீரங்கி. பதினொரு நாள் கழித்து, ஜனவரி 18, மூவார் பக்கம் பக்ரியில் ஆஸ்திரேலியர்கள் இரண்டே சின்னப் பீரங்கிகளைச் சாலையோரம் மறைத்து வைத்து ஒன்பது டாங்கிகளை அடித்தார்கள். கவசம் அவ்வளவு மெல்லிசு, முதலில் சுட்ட துளைகுண்டுகள் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டன, அப்புறம் வெடிகுண்டுக்கு மாற்றினார்கள். அதே எதிரி, அதே நாடு.

தாத்தா விஷயத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அது கணக்கில் வராது.

மார்ச் 14, மாலை

டாங்கி முடிந்ததா என்ற கேள்வி பாக்கி. முடிந்தது என்று 1943-லிருந்து சொல்கிறார்கள். கவசத்துக்கு வெளியே வெடிக்கும் செங்கல் ஒட்டினார்கள், குழாய்க்காரர்கள் முன்னொன்று பின்னொன்றாக இரண்டு குழிவெடி வைத்தார்கள். இஸ்ரேல்காரர்கள் டாங்கி மேலேயே ரேடார் வைத்து வருகிற குண்டை வழியிலேயே அடிக்கிறார்கள். 2022-இல் உக்ரேனில் பேர் வாங்கிய ஜாவலினும் என்லாவும் இந்த ஜாதியே இல்லை. ஜாவலின் வழி கண்டு போகும் ஏவுகணை. என்லா டாங்கியின் ஓட்டத்தைக் கணித்து அதன் தலைக்கு மேலே பறந்து கீழ்நோக்கி வெடிப்பது. பழைய குழாயால் இன்றைய டாங்கியை முகத்துக்கு முகம் வெல்வது கடினம். பக்கவாட்டிலோ பின்னாலோ கிட்டத்திலிருந்து அடித்தால் உண்டு.

அப்படியானால் ஏன் இன்னும் வாங்குகிறார்கள்? குண்டு வகையால். சுவர் உடைக்க ஒன்று, புகைக்கு ஒன்று, இரவில் வெளிச்சத்துக்கு ஒன்று. நாங்கள் டாங்கி என்று எழுதிய பலகையைச் சுட்டதைவிட வெளிச்சக் குண்டு சுட்டதுதான் அதிகம். 1982 ஏப்ரல் 3, தெற்கு ஜார்ஜியா தீவில் பிரிட்டிஷ் மரீன்கள் சிலர் இதே கார்ல் குஸ்தாவால் கரையிலிருந்து அர்ஜென்டினாவின் குவெர்ரிகோ என்ற போர்க்கப்பலையே அடித்தார்கள். டாங்கிக்குச் செய்தது, கப்பலைக் கடித்தது.

உக்ரேனில் இப்போது நடப்பது எனக்கு வேறு மாதிரி படுகிறது. ஆர்.பி.ஜி. குண்டின் தலையை மட்டும் எடுத்துச் சின்ன டிரோனில் கட்டி அனுப்புகிறார்கள். குழாய் கிடையாது, உதைப்பு கிடையாது, பின்னால் நிற்க ஆளும் வேண்டாம். நம்பர் டூவை வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

மார்ச் 15, காலை

மேலே எழுதியதைத் திருத்துகிறேன். டிரோனுக்கும் இரண்டு பேராம், ஓட்டுகிறவர் ஒருவர், குண்டு கட்டுகிறவர் ஒருவர். சந்தோஷம்.

மார்ச் 22, இரவு 10.05

காதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு. இடது காதில் உய்ங் என்று ஒரு சத்தம், 30 வருஷத்துக்கு மேல். இப்போது பல ராணுவங்களில் பயிற்சியில் ஒருவன் ஒரு நாளைக்கு இத்தனை குண்டுதான் என்று எண்ணி நிறுத்துகிறார்கள், காதுக்காக மட்டுமில்லை, மூளைக்காகவும். எங்கள் காலத்தில் எண்ணியது குண்டுகளை, எங்களை இல்லை. ஓய்வு பெற்ற பிறகு ஓர் இடத்தில் சோதனைக்குப் போனேன். கண்ணாடி அறையில் உட்கார்த்தி, பீப் கேட்டால் கை தூக்கச் சொன்னார்கள். எனக்குள் எப்போதும் பீப்தான், கையை இறக்கவே இல்லை. வயசு காரணம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

போன ஞாயிறு என் நம்பர் ஒன் அண்ணன் தீவுக்கு வந்திருந்தார். நாசி கண்டார் கடையில் அவருக்கு வலது காது போச்சு, எனக்கு இடது, யார் எந்தப் பக்கம் உட்காருவது என்று நாற்காலியை நாலு தடவை மாற்றினோம். கடைக்காரர் நாங்கள் சண்டை போடுகிறோம் என்று நினைத்திருப்பார், அவ்வளவு சத்தம். இந்தக் குறிப்புகளைப் போனில் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மெதுவாகப் படித்தார்.

"தம்பி, நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லைடா. நீ தலையில தட்டுவே, நான் சுடுவேன்."

"அந்தக் கூடாரம்?" என்றேன்.

"அன்னைக்கும் நீதானே தட்டினே?"

தட்டினேன்தான். ஆள் இல்லை என்று பார்த்தேன், ரெண்டாங்கைப் பார்க்கவில்லை. தே தாரே தேநீருக்கு அவரே காசு கொடுத்தார்.